கடலோரத் திருப்பதி

"டப்... டப்... டப்..."

சவுக்குத் தோப்புக்கு அப்பால் புல்லட் சத்தம் கேட்டதும் வேதகிரியின் கையிலிருந்த கரண்டி மணலில் விழுந்தது.

"ஐசக்கு! எங்க மாமனாரு வண்டிடா!"

"ஒலகத்துல ஒரு புல்லட்டுதான் கீதா?" என்றான் நண்பன் ஐசக், கரண்டியைத் தேடிக்கொண்டே.

"அஞ்சு வருசமா அந்தச் சத்தத்துலதான் தெனம் முயிச்சிக்கினு கீறேன். அவரேதான்!"

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. வீட்டில் சொல்லிவிட்டு வந்தபடி வேதகிரி இந்நேரம் திருப்பதி மலையில் மொட்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவனோ கல்பாக்கத்துக்குத் தெற்கே, ஆள் நடமாட்டமில்லாத கடற்கரையில் தார்ப்பாய்க் கூடாரம் போட்டு, விடிகாலையிலிருந்து தூண்டிலோடு தவம் கிடந்து பிடித்த ஒரே ஒரு கொடுவா மீனைப் பொரித்துக்கொண்டிருந்தான். மொட்டையை நாளைக் காலையில் ஐசக் அடித்துவிடுவான். லட்டுக்குச் செங்கல்பட்டு மிட்டாய்க் கடையில் சொல்லியாகிவிட்டது.

எல்லாம் பெண் பார்க்கப் போன அன்று வாயை விட்டதால் வந்தது. மாமனார் கன்னியப்பனின் நெற்றியில் பளிச்சென்றிருந்த நாமத்தைப் பார்த்ததும், "புரட்டாசி வந்தா எனக்கு மீன் வாசனையே ஆவாதுங்க" என்று அடித்துவிட்டான். அன்றிலிருந்து வருடா வருடம் அந்த மாதம் முழுக்க மீன்காரியின் கூடை அவர்கள் தெருமுனையைத் தாண்டியதில்லை. உத்திரமேரூரில் அவன் வீட்டோடு மாப்பிள்ளை; வேலையும் மாமனாரின் நெல் மண்டியில்தான். குட்டு உடைந்தால் மனைவி அம்முலு வீட்டுக்குள்ளே இருப்பாள், அவன் பெட்டி தெருவில் கிடக்கும்.

"யாரோ போட்டுக் குடுத்துட்டாங்கடா. மீனைப் பொதை!"

வாணலோடு புதைத்தார்கள். மணலுக்கு மசாலா வாசனையை மறைக்கத் தெரியவில்லை. எங்கிருந்தோ நான்கு நாய்கள் வந்து சுறுசுறுப்பாகத் தோண்ட ஆரம்பித்தன.

"தொரத்துடா!"

ஐசக் செருப்பை விட்டெறிந்தான். ஒரு நாய் அதையும் கவ்விக்கொண்டு போனது.

புல்லட் தோப்புக்குள் நுழைந்துவிட்டது.

"மொட்டைய இப்பவே அடிச்சுடலாம்," என்று சவரக் கத்தியை எடுத்தான் ஐசக். "திருப்பதி போய்ட்டுத் திரும்பி வர வழியில கடல்ல முழுகலாம்னு வந்தேன்னு சொல்லிடு."

கடல் தண்ணீரைத் தெளித்துச் சிரைத்ததில் கத்தி கீறிய இடமெல்லாம் எரிந்தது.

"மெதுவாடா பேமானி! அது தலைடா, தேங்கா இல்ல!"

பாதித் தலை முடிந்தபோது சத்தம் சட்டென்று நின்றது. அலைச் சத்தம் மட்டும் மிச்சம்.

"எறங்கிட்டாரு," என்றான் வேதகிரி.

"மீதித் தலை?"

"வுட்றா!"

கடலுக்குள் ஓடிக் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தான். அவர் போகிறவரை இப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தான். கடல் அப்படி நினைக்கவில்லை. பெரிய அலையொன்று அவனைத் தூக்கி, இரண்டு புரட்டுப் புரட்டி, கரையில் நின்ற இரண்டு கால்களுக்கு முன்னால் போட்டது.

அண்ணாந்து பார்த்தான். வெள்ளை வேட்டி. அதற்கு மேலே நாமம்.

"மாப்ள," என்றார் கன்னியப்பன். "திருப்பதி எப்போ கடலாண்ட வந்துது?"

"ச... சமுத்திர ஸ்நானம் மாமா. பண்ணிட்டு மலை ஏறலாம்னு..."

"தலை?"

"பாதி இங்க. மீதி அங்க."

பக்கத்தில் ஒரு நாய் பொரித்த மீனை ரசித்துத் தின்றுகொண்டிருந்தது. கன்னியப்பன் அதைப் பார்த்தார். வாணலைப் பார்த்தார். ஐசக்கைப் பார்த்தார், அவன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். அவர் முகமெல்லாம் வியர்த்தது. இவ்வளவு கோபத்தை வேதகிரி அவரிடம் கண்டதே இல்லை.

"மாப்ள, நான் ஒண்ணு சொல்றேன்..."

"மாமா, கால்ல வுயறேன்! என்னை இன்னா வேணா பண்ணுங்க, அம்முலுவ மட்டும் பிரிச்சுடாதீங்க!"

அப்போது, அவர்களுக்கு வாணலை இரவல் தந்திருந்த மீனவப் பெண் சிட்டம்மாள் தோப்பு ஓரத்துக் குடிசையிலிருந்து மூடிய சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கன்னியப்பனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்க நைனா, சுறாப்புட்டு சூடா கீது! போன சனிக்கெயமை சொன்னீங்களே, வூட்டுல ஒரு சாமியார் மருமவன், அவருக்குப் பயந்துக்கினுதான் வாரா வாரம் இங்க வந்து துன்னுட்டுப் போறேன்னு, அது இவருதானா?"