பாப்பாத்தியக்கா ஊட்டுப் பீரோ

போன நோம்பி அன்னைக்கு, அதான் ஊர்த் திருவிழா அன்னைக்கு, எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு பீரோ இரவல் வாங்கிட்டு வரணும்.

அவ்வளவுதான். ராக்கெட் விடச் சொல்லல. பீரோ.

விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். எங்க மோகனூர்ல ஒரு சின்ன நாடகக் கம்பெனி இருக்கு. கம்பெனின்னதும் ஏசி ரூம், சுழல் நாற்காலி எல்லாம் கற்பனை பண்ணாதீங்க. கோமதியக்காவோட தையல் கடைதான் ஆபீஸ். நாடகம் எழுதறது, சொல்லித் தர்றது, கதாநாயகியா நடிக்கறது எல்லாமே அக்காதான். அவங்க வீட்டுக்காரர் செல்வராஜ் அண்ணன் கரும்பு லோடு டிராக்டர் ஓட்டறாரு. கரும்பு இறக்கினதும் ட்ரெய்லரைக் கழுவிக் கொண்டு வந்து நிறுத்துவாரு. அதுதான் மேடை.

நான் மேனேஜர். எங்க குடும்பத்துல முதல்ல டிகிரி வாங்கினவன் நான்தான். அந்தத் தகுதியில, யாருக்கும் பிடிக்காத வேலை எல்லாம் என்கிட்ட வரும். கூடவே சின்னச் சின்ன வேஷமும் வரும். பூட்டின கதவையே நாலு தடவை ஆட்டிப் பாக்கற ஆளு நான். என்னை மேனேஜர் ஆக்கினது அவங்க தப்பு.

கம்பெனிக்குன்னு சொந்தமா ஒரு சாமான் கிடையாது. கட்டில், குடம், சுவர்க்கடிகாரம் எல்லாம் ஊருக்குள்ள இரவல். அதுக்குக் கைமாறா, நாடகம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யாரு எதைக் குடுத்தாங்கன்னு மைக்குல சொல்லுவோம். மைக்குல பேரு வருதுங்கறதுக்காகவே கட்டிலைத் தூக்கிக் குடுத்துட்டுத் தரையில படுக்கறவங்க எங்க ஊர்ல உண்டு.

இன்னொரு சட்டமும் இருக்கு. என்ன நடந்தாலும் நாடகம் நிக்கக் கூடாது. ட்ரெய்லர் மேல யாரு ஏறினாலும் அவங்க நாடகத்துல ஒரு பாத்திரம். ஒரு தடவை சோகக் காட்சியில ஒரு ஆடு ஏறிடுச்சு. கோமதியக்கா அசரல. அதைக் கட்டிப் புடிச்சு, "நீயாச்சும் என்னய விட்டுப் போகாம இருக்கறயே"ன்னு அழுதாங்க. ஆட்டுக்காரரும் அழுதாரு.

இந்தத் தடவை நாடகத்தைப் பாக்க ஒருத்தர் வர்றதா இருந்தாரு. சேலம் அம்மாபேட்டையில ஒரு மன்றத்தோட செயலாளர். அவருக்குப் பிடிச்சுட்டா அவங்க ஆண்டு விழாவுல எங்க நாடகம். ஹால். மேடை. முக்கியமா, திரை.

"இத்தனை வருசமா ரெண்டு சீலைய முடிச்சுப் போட்டு அதுக்குத் திரைன்னு பேரு வெச்சிருக்கறேன்"ன்னாங்க கோமதியக்கா. "கயித்த இழுத்தா தொறக்கும் பாரு, அந்தத் திரைக்குப் பின்னால ஒருக்கா நின்னு பாத்தரோணும் சாமி. அதனால இன்னைக்கு எதுவும் சொதப்பப்படாது."

சொல்லும்போது என்னைத்தான் பாத்தாங்க.

வழக்கமா நாங்க வாங்கற பீரோவுக்குக் கதவு கழண்டுடுச்சு. அதனால பாப்பாத்தியக்கா வீட்டுக்காரர் முத்துசாமி மாமாகிட்டப் போனேன். மத்தியானம். மாமா கம்பளியைப் போர்த்திப் படுத்திருந்தாரு.

"ஒடம்புக்கு என்னங்க மாமா?"

"காச்சல் கண்ணு. உங்கக்கா இல்ல, பூ வாங்கப் போயிருக்கறா. கரூர்ல அவ அண்ணன் ஊட்டு விசேசம், சாயங்காலம் போவோணும். என்னால முடியாது, நீ மட்டும் போன்னு சொல்லிட்டேன்."

நான் பீரோ விஷயத்தைச் சொன்னேன். மாமா கம்பளியை உதறிட்டு எழுந்து உக்காந்தாரு.

"மைக்குல பேரு வருமா?"

"வருமுங்க."

"அப்பத் தூக்கு!"

எனக்கு மனசு கேக்கல. "மாமா, அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களா?"

"அவகிட்ட என்னத்தக் கேக்கறது? ஊடும் என்னுது, பீரோவும் என்னுது."

"உள்ள என்னங்க இருக்குது?"

"என்ன இருக்கும்? பழந்துணி."

"சாவிங்க?"

"அது அவ தாலிக்கொடியில தொங்குது. தொறக்கோணுமா என்ன? சும்மா நிக்கறதுக்குத்தான?" கொஞ்சம் யோசிச்சுட்டு, "பேருக்கு முன்னால திருன்னு சேத்திச் சொல்லீரு"ன்னாரு.

நாலு பேரு சேர்ந்து தூக்கினோம். அசையல. இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டோம். பழந்துணிக்கு இவ்வளவு கனமான்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். "அந்தக் காலத்து இரும்பு, அப்படித்தான் இருக்கும்"னாரு செல்வராஜ் அண்ணன். நானும் நம்பிட்டேன். பயந்த சுபாவம் இருக்கறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது தைரியமாச் சொன்னா உடனே நம்பிடுவான்.

ஒரு குட்டியானை வண்டியில பீரோவை நிறுத்திக் கயிறு கட்டி, அது சாயாம இருக்க நான் கட்டிப் புடிச்சுட்டு நின்னேன். எங்க ஊர்ல வண்டியில பீரோ போனா அதுக்கு ஒரே அர்த்தம்தான். கல்யாணச் சீர்.

டீக்கடையிலிருந்து ஒரு அக்கா கத்துனாங்க. "ஏங் கண்ணு, உனக்கா? பொண்ணு எந்தூரு?"

"கல்யாணம் இல்லீங்க! நாடகத்துக்குங்க!"

"என்னது, காதல் கல்யாணமா?"

வண்டி கடந்துடுச்சு. நான் பீரோவை விட்டுட்டு இறங்கி விளக்கம் சொல்ல முடியுமா? அடுத்த தெரு திரும்பறதுக்குள்ள அம்மாகிட்ட இருந்து போன்.

"ஏஞ்சாமி, கஷ்டப்பட்டுப் படிக்க வெச்சதுக்கு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமில்ல?"

ஒரு கையில பீரோ, ஒரு கையில போன். அம்மாவைச் சமாதானப்படுத்தி முடிக்கறப்ப ட்ரெய்லர்கிட்ட வந்து சேர்ந்துட்டோம். இதோட இன்னைக்கு நடக்க வேண்டிய கெட்டதெல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சேன்!

சாயங்காலம் நல்ல கூட்டம். அம்மாபேட்டை செயலாளர் வந்து முன்வரிசையில உக்காந்தாரு. அவருக்குப் பக்கத்துலயே, காய்ச்சல்ல படுத்திருந்த முத்துசாமி மாமா! வெள்ளை வேட்டி, மடியில கடலைப் பொட்டலம்.

நான் மைக்கைப் புடிச்சேன். "பீரோ வழங்கி உதவியவர், திரு. முத்துசாமி அவர்கள்." மாமா எழுந்து கும்பிட்டாரு. யாருக்காவது சரியாக் கேக்காமப் போயிருக்குமோன்னு ஒரு கவலை எனக்கு. இன்னொரு தடவையும் சொன்னேன். தென்னைமரத்துல கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் எந்தத் தெருவைப் பாத்துட்டு இருந்துச்சுன்னு நான் கவனிக்கல.

நாடகம் ஆரம்பிச்சுது. கடன்ல மூழ்கின ஒரு குடும்பத்தோட கதை. கோமதியக்கா அந்த வீட்டு மருமக. கந்தல் சேலையில வந்து பீரோ கதவுல தலையைச் சாய்ச்சு அழுதாங்க.

"இத்தாப்பெரிய பீரோவு! உள்ள மாத்திக் கட்ட ஒரு சீலை இல்லீங்களே!"

கூட்டத்துல மூக்கு உறிஞ்சற சத்தம். செயலாளர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. நான் ஓரத்துல, ஜப்தி பண்ண வர்ற அமீனா வேஷத்துல நின்னுட்டு இருந்தேன். திரை நமக்குத்தான்னு தோணுச்சு.

அப்பத்தான் கூட்டத்தைப் பிளந்துட்டு பாப்பாத்தியக்கா வந்தாங்க.

தலை நிறைய மல்லிகைப்பூ. முகத்துல பவுடர். காதுல ஜிமிக்கி. உடம்புல நைட்டி, தோள்ல துண்டு. கழுத்துக்கு மேல கல்யாணத்துக்குத் தயார், கழுத்துக்குக் கீழே இன்னும் வீட்டுலயே இருந்தாங்க. ஏன்னா மிச்சம் எல்லாம் பீரோவுக்குள்ள!

ட்ரெய்லர்ல ஏறினாங்க. "நகரு கோமதி"ன்னு ஒரு கையால ஒதுக்கிவிட்டு, தாலிக்கொடியில இருந்த சாவியைப் போட்டுத் திருகிக் கதவைத் தொறந்தாங்க.

மேல இருந்து கீழ வரைக்கும் பட்டுச் சேலை. அடுக்கடுக்கா. எங்க லைட்டு வெளிச்சம் ஜரிகையில பட்டு முன்வரிசைக்கே கண்ணு கூசிடுச்சு.

கூட்டத்துக்குப் புரிய ஒரு நொடி ஆச்சு. அப்புறம் சிரிச்சாங்க பாருங்க, ட்ரெய்லரே ஆடுச்சு.

ஆனா கோமதியக்கா யாரு? நாடகம் நிக்கக் கூடாதே! அப்படியே பாப்பாத்தியக்கா கால்ல விழுந்தாங்க.

"அத்தே! நாங்க கந்தலோட நிக்கறோம், நீங்க பட்டாச் சேத்து வெச்சிருந்தீங்களா அத்தே!"

"ஆருடி உனக்கு அத்தை? உன்னையவிட எனக்கு ரெண்டு வயசு கூட இருக்குமா? எந்திரி! இதப் புடி."

ஒவ்வொரு சேலையா எடுத்து அக்கா கையில அடுக்க ஆரம்பிச்சாங்க. "அரக்குக் கலருல ஒண்ணு இருக்கும், அதைக் காணோம். மடிப்புக் கலையாமப் புடி! இது என்ற கல்யாணச் சீலை."

மாத்திக் கட்ட ஒரு சேலை இல்லாத மருமக, ரெண்டு கையிலயும் பட்டுச் சேலையைச் சுமந்துட்டு நிக்கறாங்க.

செல்வராஜ் அண்ணன் என் முதுகுல கை வெச்சாரு. "அமீனா, உள்ள போ."

"அண்ணா, இப்பவாங்க?"

"நாடகம் நிக்கப்படாது. போ!"

தள்ளிவிட்டுட்டாரு. மேடையில போய் விழாத குறையா நின்னேன். என் வசனம், "இந்தப் பீரோவை ஜப்தி செய்ய வந்திருக்கிறேன்!" கர்ஜிக்கணும். எனக்கு வந்த சத்தம், பக்கத்துல இருந்த மைக்குக்கே கேக்கல.

பாப்பாத்தியக்கா திரும்பினாங்க. "நீதானா அது? ஆளில்லாத நேரம் பாத்துத் தூக்கிட்டு வந்தவன் நீதானா? படிச்ச பையன், பாவம்னு நெனச்சிருந்தேனே!"

ஜப்தி பண்ற அமீனா இந்த இடத்துல என்ன பேசணும்? நான் கையைக் கட்டிட்டேன். "மன்னிச்சுக்கங்க அக்கா. மாமாகிட்டக் கேட்டுட்டுத்தானுங்க எடுத்தேன். உள்ள பழந்துணின்னு மாமாதானுங்க சொன்னாங்க."

"பழந்துணியா?"

மெதுவாக் கூட்டத்துப் பக்கம் திரும்பினாங்க. கூட்டமும் முன்வரிசையைப் பாத்துச்சு. மாமா வாயில பாதிக் கடலை.

"ஏனுங்க! காச்சல்னு படுத்திருந்தீங்க?"

மாமா கடலையை முழுங்கினாரு. "இப்பத்தான் எறங்குச்சு."

"என்ற அண்ணன் ஊட்டு விசேசம்னா காச்சலு! உங்க தங்கச்சி ஊட்டுக் கெடாவெட்டுன்னா மொத நாளே வண்டியத் தொடைக்கறீங்க! அப்ப வராதுங்களா காச்சலு?"

பெண்கள் பக்கத்துல இருந்து கைதட்டல். "நல்லாக் கேளுக்கா!"ன்னு ஒரு குரல். மாமா நாற்காலியில சரிஞ்சு சரிஞ்சு கடைசியில தலை மட்டும்தான் தெரிஞ்சுது.

அதுக்குள்ள அரக்குச் சேலை கிடைச்சிருச்சு. பாப்பாத்தியக்கா பீரோவைப் பூட்டி, என்னைப் பாத்து, "நாளைக்கு விடியறதுக்குள்ள ஊட்டுல கொண்டாந்து வெச்சரோணும்"னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாங்க. மத்த சேலை எல்லாம் கோமதியக்கா கையிலேயே இருந்துச்சு. கீழ வெச்சா அழுக்காயிடும், பீரோ பூட்டியாச்சு. மிச்ச நாடகம் பூரா, பட்டினி கிடந்து சாகற காட்சி வரைக்கும், அக்கா அதைச் சுமந்துட்டேதான் நடிச்சாங்க. சாகறப்பகூட மடிப்புக் கலையாமத்தான் செத்தாங்க.

நாடகம் முடிஞ்சதும் எல்லாரும் ட்ரெய்லர்லயே உக்காந்துட்டோம். கோமதியக்கா ட்ரெய்லர் ஓரத்துல உக்காந்து, அந்த முடிச்சுப் போட்ட சேலைத் திரையையே பாத்துட்டு இருந்தாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

செயலாளர் வந்தாரு. நாங்க எல்லாரும் எழுந்தோம்.

"ஏம்மா, அந்த மாமியாரா நடிச்சாங்களே, அவங்க யாரு? என்ன நடிப்புங்க அது! நைட்டியில வர வெச்சீங்க பாருங்க, அது யாரோட யோசனை?"

கோமதியக்கா வாயைத் தொறக்கறதுக்குள்ள நான் தொறந்துட்டேன். எனக்குப் பொய் சொல்ல வராது. "சார், அவங்க நடிக்கலைங்க. நெஜமாவே திட்டிட்டுப் போனாங்க. பீரோ அவங்களுதுங்க."

செல்வராஜ் அண்ணன் என் காலை ஒரு மிதி மிதிச்சாரு.

செயலாளர் என் தோளைத் தட்டிச் சிரிச்சாரு. "தம்பி, நீயும் அமீனா மாதிரி இல்லாம நெஜமாப் பயந்தவன் மாதிரியே நடிச்ச. நல்லா இருந்துச்சு. ஆண்டு விழாவுக்கு வந்துடுங்க. ஆனா அந்தம்மா கண்டிப்பா வரணும். அவங்க இல்லைன்னா வேண்டாம்."

உண்மையைச் சொல்லியும் ஒருத்தர் நம்பலைன்னா அதுக்கு மேல நான் என்ன பண்றது?

மறுநாள் பீரோவோட போய் நான்தான் கேட்டேன். பாப்பாத்தியக்கா சேலையை எல்லாம் எண்ணி வாங்கிக்கிட்டாங்க. "சேலத்துலயா? ஹாலுலயா?"ன்னாங்க. அப்புறம் சிரிச்சுட்டு, "செரி, வாரேன்"னுட்டாங்க.

பிரச்சினை அங்க முடியல. தையல் கடையில ஒத்திகை வெச்சோம். பாப்பாத்தியக்கா வந்து நின்னு, பள்ளிக்கூடத்துல பாட்டு ஒப்பிக்கற மாதிரி, "ஏனுங்க, காச்சல்னு படுத்திருந்தீங்க"ன்னாங்க. கோவம் துளிகூட இல்ல. மறுபடி. மறுபடி. ம்ஹூம்.

"கோவமே வர மாட்டீங்குது கோமதி. ஆரப் பாத்துக் கோவிச்சுக்கறது?"

அந்த நேரம் பாத்து, முத்துசாமி மாமா அவங்களைக் கூட்டிட்டுப் போகலாம்னு கடை வாசல்ல வந்து நின்னாரு. பாப்பாத்தியக்கா திரும்பிப் பாத்தாங்க. அவ்வளவுதான்! வசனம் அருவி மாதிரி கொட்டுச்சு. எழுதாததும் சேந்து வந்துச்சு.

கோமதியக்கா என்னைப் பாத்தாங்க. நான் அவங்களைப் பாத்தேன்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாபேட்டையில நாடகம். திரை இருக்கு, கயிறும் இருக்கு. மாமாவை விருந்தாளியா முன்வரிசைக்குக் கூப்பிட்டிருக்கோம். ஏன்னு அவருக்குத் தெரியாது. கோமதியக்கா அவங்க கையாலேயே ஒரு சட்டை தைச்சுக் குடுத்திருக்காங்க. மாமாவுக்கு ஏக சந்தோஷம்.

பளிச்சுனு மஞ்சக் கலர். மேடையிலிருந்து பாத்தா தப்பாமத் தெரியணுமாம்.