அம்சவல்லியின் நம்பர் பூட்டு

பெட்டியின் பூட்டு திறந்து தொங்கியது. அம்சவல்லி தேயிலைக் கொழுந்துக் கூடையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சேலைகளுக்கு அடியில் துழாவினாள். நல்லவேளை, சங்கிலி இருந்தது.

இருந்தும் பயம் போகவில்லை. அவளுடைய முதல் சங்கிலியை நாலு நம்பர் குலுக்கல் சூதாட்டத்தில் தொலைத்த மகராசன் அவள் புருஷன் நல்லுசாமி. பஞ்சாயத்தில் உறவைத் தீர்த்துக்கொண்டு அவன் திரிங்காப் பக்கம் காய்கறி லோரியில் வேலைக்குப் போய்விட்டான். அதன் பிறகு மழையிலும் குளிரிலும் கொழுந்து பறித்து அவளே வாங்கியது இந்தச் சங்கிலி. இதையும் பறிகொடுத்தால் அப்புறம் அவள் என்ன மனுஷி!

பக்கத்து வீட்டு ருக்குமணி எட்டிப் பார்த்தாள்.

"பூட்டுல என்னடி நம்பர் வச்சிருந்தே?"

"கல்யாணத் தேதி."

"நல்லா இருக்குலா! தீர்த்துவிட்ட புருஷன் தொறக்கக் கூடாதுன்னு அவன் கல்யாணத் தேதியையே வச்சியா?"

அம்சவல்லி அன்றைக்கே நம்பரை மாற்றினாள். தினமும் கொழுந்து ஏற்ற வரும் லோரியின் நம்பர். எப்போதும்போல் பூட்டும்போது கடைசிச் சக்கரத்தை மட்டும் ஒரு தட்டுத் தட்டிவிடுவாள். நாலையும் சுற்ற யாருக்குப் பொறுமை?

அடுத்த வாரம் பார்த்தால் நாலு சக்கரமும் தாறுமாறாக நின்றன. யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள்! அலறியடித்துக்கொண்டு ஆண்டியப்பன் கங்காணியிடம் ஓடினாள். லயத்து வீடுகளுக்குள் வரும் சண்டைகளைத் தீர்ப்பவரும், கோயில் காரியம் பார்ப்பவரும் அவர்தான்.

கேட்டதும் அவளைவிட அவர்தான் அதிகம் பதறினார்.

"என்னது! மறுபடி பூந்துட்டானா? மாத்தும்மா, உடனே மாத்து. லோரி நம்பர் ஊருக்கே தெரியும். கனவுல வர்ற நம்பரா வையி. அது சாமி குடுக்குறது."

கனவு லேசில் வருமா? பல நாள் வெறும் கொழுந்துதான் வந்தது. ஒருவழியாக, கழுத்தில் நம்பர் அட்டை கட்டிய ஆடு ஒன்று வந்து நின்றது. அந்த நம்பரை வைத்தாள். போதாக்குறைக்கு ஜன்னலில் பலகை அடித்தாள். அடுப்புப் புகை வெளியே போக வழியில்லாமல் ருக்குமணி வீடு வரை எல்லாரும் இருமினார்கள்.

"மாத்திட்டியாம்மா?" என்று கங்காணி மட்டும் மறக்காமல் விசாரித்தார். பாவம், எவ்வளவு அக்கறை!

நாலே நாளில் பூட்டு தலைகீழாகத் தொங்கியது. அம்சவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி, கனவுக்குள்ளயும் வந்து பாக்குறானா?"

பூட்டு விற்ற சலாஹுதீனிடம் நியாயம் கேட்கப் பிரிஞ்சாங் டவுனுக்குப் போனாள். கடை வாசலில் நல்லுசாமி முட்டைக்கோஸ் இறக்கிக்கொண்டிருந்தான். அவனைக் கண்டதும் வந்த ஆத்திரத்தில் ஒரு கோஸை எடுத்து அவன் முதுகில் வீசினாள்.

"பெட்டிய ஏன்டா நோண்டுறே?"

நல்லுசாமி முதுகைத் தடவிக்கொண்டே திரும்பினான். "எந்தப் பெட்டி? நான் எஸ்டேட் பக்கம் வந்தே எவ்வளவு நாளாச்சு புள்ள!"

"சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவியா?"

"வெள்ளிக்கிழமை வர்றேன். பண்றேன்."

உருண்ட கோஸைப் பொறுக்கிக்கொண்டே சலாஹுதீன் சொன்னார்: "பூட்டு நல்ல பூட்டு, தங்கச்சி. நாலு சக்கரத்தையும் கலைச்சுவிடணும். கடைசிய மட்டும் தட்டிவிட்டா சின்னப் புள்ளகூடத் தொறக்கும்லா."

வீட்டுக்கு வந்த அம்சவல்லி புது நம்பர் வைத்து, நாலு சக்கரத்தையும் நன்றாகக் கலைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் லயமே கூடியது. கங்காணி சூடம் ஏற்றினார். நல்லுசாமி கொஞ்சமும் தயங்காமல் உள்ளங்கையால் அதை அணைத்தான்.

"சங்கிலியத் தொலைச்சவன் நான்தான், ஆத்தா. பெட்டியத் தொறந்தவன் நானில்ல."

எரியும் சூடத்தின் மேல் கைவைத்து எவனும் பொய் சொல்லமாட்டான். ஊரறியக் கோஸால் அடித்தோமே என்று அம்சவல்லி அவமானத்தில் குறுகிப்போனாள்.

"மன்னிச்சுக்கய்யா" என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். கூட்டமும் கலைந்தது.

அவன் இல்லையென்றால் வேறு யார்? அவள் கோயில் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆண்டியப்பன் கங்காணி திருநீறு பூசிவிட்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அழாதம்மா, உன் கைராசிக்கு லோரி நம்பர் எனக்கு ரெண்டாம் பரிசு, ஆட்டு நம்பர் ஆறுதல் பரிசு, இப்ப வச்சிருக்கியே, அத மட்டும் நேத்து எவ்வளவோ தட்டிப் பாத்தும் தொறக்க முடியலலா... காதுல சொல்லிடு, நாளைக்குக் குலுக்கல்!"