செவன் கிங்ஸ் சந்தை விதானையார்

லண்டனில் எங்கள் ஆட்களைக் கியூவில் நிற்க வைத்த ஒரே மனிதர் விதானையார்தான். பஸ்காரனால் முடியவில்லை, ஆஸ்பத்திரியால் முடியவில்லை, அன்னதானத்தன்று முருகனாலேயே முடியவில்லை.

விதானை என்பது அந்தக் காலத்து ஊர்த் தலைமை உத்தியோகம். இவருக்கு அது நாங்கள் வைத்த பட்டம்; உண்மையில் பார்த்தது ரயிலில் டிக்கெட் பரிசோதனை. ஓய்வு பெற்றபின் மற்றவர்கள் தோட்டம் செய்தார்கள். இவரோ லைப்ரரியில் குந்தி, இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் யாழ்ப்பாணத்துக் கிராமச் சந்தைகளை எப்படி ஒழுங்குபடுத்தினார்கள் என்று படித்தார். மரநிழலில் கண்டபடி கூடிய சந்தைக்குக் கிராமச் சங்கம் கொட்டகை போட்டதையும், வேலி அடைத்ததையும், தராசைச் சோதித்ததையும் நேற்று நடந்ததுபோலச் சொல்லுவார். படித்ததோடு நின்றிருக்கலாம். எங்கள் செவன் கிங்ஸ் கத்தோலிக்கப் பங்குக் கோயில் மண்டபத்தில் நடக்கும் சனிக்கிழமைச் சந்தைக்குப் பொறுப்பாள் தேடினார்கள். இவர் கையைத் தூக்கிவிட்டார்.

சந்தை பத்து மணிக்கு. எங்கள் சனம் ஒன்பதுக்கே வந்து, தெருவில் நிற்கும் கார் டிக்கிகளிலேயே எல்லாவற்றையும் வாங்கி முடித்துவிடும். பத்து மணிக்கு மண்டபத்துக்குள் வியாபாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விதானையார் முதல் நாளே ஒரு பள்ளிக்கூட மணியோடு வந்து இறங்கினார்.

"மணி அடிக்க முந்தி ஒரு முருங்கைக்காயும் கை மாறக் கூடாது!"

"உது ஆரின்ரை சட்டம் அண்ணை?" என்றார் ஒரு வியாபாரி.

"கிராமச் சங்கத்தின்ரை. சந்தைக்கு வெளியிலை வியாபாரம் செய்யேலாது."

"அந்தச் சங்கம் செத்து எவ்வளவு காலம்!"

"சங்கம்தான் செத்தது, சட்டம் சாகேல்லை. டிக்கியை மூடும்."

மீறினால் தண்டனை, மண்டபத்தைக் கூட்டுவது. முதலில் பிடிபட்டது அவருடைய மனைவிதான். சால்வைக்குள் ஒரு கட்டு வல்லாரை. விதானையார் இரக்கமே இல்லாமல் தும்புத்தடியை நீட்டினார். மனைவி கூட்டினார். இவர் பின்னாலேயே போய்க் குப்பையை அள்ளினார். "சட்டம் சட்டம்தான். ஆனால் அவவுக்குக் குனிய ஏலாது," என்றார்.

தராசுச் சோதனை இன்னொரு கூத்து. வீட்டிலிருந்து ஒரு கிலோ சீனிப் பை கொண்டுவந்து எல்லாத் தராசிலும் வைத்துப் பார்ப்பார். சில வாரத்தில் எல்லாத் தராசும் குறைவாகக் காட்டின. "எல்லாரும் கள்ளர்!" என்று மண்டபம் அதிரக் கத்தினார். வீட்டில் மனைவி அந்தப் பையிலிருந்துதான் நாளாந்தம் தேத்தண்ணிக்குச் சீனி எடுத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரின் சந்தையில்தான் மேரி அக்காவின் பிரச்சினை வந்தது. மன்னார்க்காரி. கணவர் காலமானபின் கருவாடு விற்க வந்தவர். முழங்கால் வருத்தம் என்பதால் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் உட்காருவார். சூடு ஏற ஏறக் கருவாடு மணக்கும். ஞாயிறு பூசைவரை அந்த மணம் நிற்கும். தோர்ண்டன் ஹீத்திலிருந்து பெரிய வான் வண்டியில் மரக்கறி கொண்டுவரும் வியாபாரிக்கு அந்த இடத்தில் கண். மேரி அக்காவை வெளிவாசலுக்கு அனுப்புங்கள் என்று சந்தைக் குழுக் கூட்டத்தில் கேட்டார்.

மேரி அக்கா சண்டை பிடிக்கவில்லை. "வாசலிலை எண்டால் நான் இனி வரேல்லை. உந்தக் குளிர் என்ரை காலுக்கு ஏலாது. வீட்டிலை சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்," என்றார்.

பாவம்தான், ஆனால் மணம் எல்லோருக்கும் அடித்தது. பங்குச் சுவாமியார் வானுக்காரர் பக்கம் சாய்வது முகத்தில் தெரிந்தது.

விதானையார் எழும்பினார்.

"கிராமச் சங்கச் சட்டப்படி, கருவாட்டுக்காரருக்குச் சந்தையிலை ஆகச் சூடான இடம் குடுக்கவேணும். ஈரம் பட்டால் கருவாடு பழுதாப்போகும், சனத்துக்கு வயித்து வருத்தம் வரும்."

"ஊரிலை ஆர் அண்ணை ரேடியேட்டர் வைச்சிருந்தவை?" என்று வானுக்காரர் பாய்ந்தார்.

"சட்டத்திலை ரேடியேட்டர் எண்டு இல்லை. சூடான இடம் எண்டுதான் கிடக்கு."

சுவாமியாருக்குச் சட்டம் என்றாலே பயம். "சட்டம் எண்டால் பிறகென்ன," என்று ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார். மேரி அக்கா இருந்த இடத்திலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பிராணிதான் கொஞ்சம் கூடியது.

கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது விதானையாரிடம் மெதுவாகக் கேட்டேன். "அண்ணை, உண்மையிலேயே அப்பிடி ஒரு சட்டம் இருந்ததோ?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார்.

"இருந்திருக்கவேணும்," என்றார். "அவங்கள் எழுத மறந்துபோனாங்கள்."

சொந்த மனைவிக்கே வளைந்து கொடுக்காத மனிதர்! கதிரையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

போன சனிக்கிழமை நல்ல மழை. பத்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. விதானையார் மணியோடு வாசலில் நின்றார், நாங்கள் குடைகளோடு கியூவில் நின்றோம். எனக்கு முன்னால் நின்றவர் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். இந்த மனிதர் இன்னும் நெடுங்காலம் எங்களை மழையில் நிற்க வைக்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.