மச்சான் லேட்

அரைகுறையாக இங்கிலீஷ் படித்தவனால் ஒரு குடும்பத்துக்கு வரும் கேடு, ஒன்றுமே படிக்காதவனால் வராது. இதை நான் பத்தொன்பது வயதில் நிரூபித்தேன்.

போடிநாயக்கனூரில் மனு எழுதும் ஒருவரிடம் இங்கிலீஷ் மனுக்களை நகல் எடுப்பது என் வேலை. 'லேட் ராமசாமி மகன் சுப்பையா' என்று நாள் முழுக்க எழுதுவேன். லேட் என்றால் காலமானவர். அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. (தோன்றுமளவு படித்திருந்தால் நகல் எடுக்க ஏன் போகிறேன்?)

அக்காவின் புருஷன் மாடசாமி மச்சானுக்கு மலைக்கணவாய் மெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. மகளுக்குக் காது குத்த வியாழக்கிழமை காலையில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். மத்தியானம் பொதிமாட்டுக்காரர் ஒருவர்தான் வந்தார். தோட்டத்துத் துரை கொடுத்ததென்று ஒரு சீட்டை நீட்டிவிட்டு, நிற்காமல் மாடுகளோடு போய்விட்டார். இங்கிலீஷில் இரண்டே வரி: 'மாடசாமி லேட். நாளை கீழே அனுப்புகிறேன்.'

மழைக்காலம். மலைக்காய்ச்சலில் ஆள் போவது அப்போது அதிசயமில்லை.

"என்னடா எழுதியிருக்கு?" என்றாள் அக்கா.

"மச்சான் போயிட்டாருக்கா. நாளைக்குக் கொண்டாராக."

"நல்லாப் பாத்துச் சொல்லு தம்பி."

"தெனமும் எழுதுற வார்த்தக்கா. இதுல தப்ப மாட்டேன்."

சிலமலையிலிருந்து மச்சானின் அம்மா அழுதுகொண்டே நடந்து வந்தார். மறுநாள் காலையில் வாசலில் பாடை கட்டினார்கள். தாலியைப் பற்றி யாரோ பேச்செடுக்க, "மொகத்தப் பாக்காமக் கழட்ட மாட்டேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் அன்று புத்தியுள்ளவள் அவள் ஒருத்திதான்.

முற்பகலில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, நனைந்து, காலை இழுத்து இழுத்து, தெருவில் மச்சான் வந்தார். பாடையைப் பார்த்து நின்றார்.

"யாரு போனது?"

பாடை கட்டியவர்கள் பின்வாங்கினார்கள். காதுகுத்துக்கு வந்த இடத்தில் தன் அம்மாதான் போய்விட்டார் என்று நினைத்து, "என்னைய விட்டுட்டுப் போயிட்டியே ஆத்தா" என்று மார்பில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். உள்ளே ஆத்தா அவருக்காக அதையே பாடிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து அலறியது எனக்கு வைக்கோல்போருக்குப் பின்னால் கேட்டது. (ஆம், அங்கேதான் இருந்தேன்.)

மச்சான் என்னை அடிக்கவில்லை. "காய் ஒணத்துற சோலி முடியல மாப்ளே. ஒரு நா தாமசம்னுதான் தொரை எழுதுனாரு" என்றார்.

அடித்திருக்கலாம். அவருடைய அம்மா அதன்பிறகு அவரை மலையேற விடவே இல்லை. கிளம்பினாலே காலைக் கட்டிக்கொண்டு விழுவார். மேஸ்திரியாக வேண்டிய மனுஷன், உடம்பில் தெம்பு இருந்தவரை அடுத்தவர் கிணற்றில் கமலை இறைத்தார்.

வெகுகாலம் கழித்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அந்தச் சொல்லுக்கு ஆதியில் மெதுவானவன், களைத்தவன் என்றே பொருள் என்றார். தாமதம் பிறகு வந்ததாம். சாவு அதற்கும் பிறகு. அன்று தெருவில் வந்தவர் அந்த ஆதிப்பொருளாகத்தான் வந்திருக்கிறார்.

இப்போதும் விசேஷத்துக்கு அழைக்கப் போனால் மச்சான் கேட்பார்: "நடந்து வரவா மாப்ளே, தூக்கிட்டு வரச் சொல்றியா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அக்கா மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.