அம்பிகைபாகனாரின் தாழ்மையான கருத்து

பினாங்கில் மலை இருக்கிறது, கடல் இருக்கிறது, பாலம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தீவில் கருத்து என்று ஒன்றும் இருந்தது என்றால், அதற்கு ஒரே காரணம் ஜெலுத்தோங்கில் குடியிருந்த திரு. அம்பிகைபாகன்தான். இதை எவரும் மறுத்ததில்லை. மறுப்பதற்கும் ஒரு கருத்து வேண்டுமல்லவா?

அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தொலைக்காட்சி, சினிமா, விளையாட்டு ஆகிய முப்பெருந்துறைகளையும் ஓய்வுக்குப் பிறகு தம் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் தமிழ் நாளிதழில் அவருடைய கடிதம் வரும். கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி: ஒன்று பத்திரிகைக்கு, ஒன்று அமைச்சுக்கு, ஒன்று வரலாற்றுக்கு. 'தொலைக்காட்சி நாடகத்தில் கதாநாயகி மூன்று காட்சிகளாகக் கலக்கிய கோப்பியைக் கடைசிவரை எவரும் அருந்தவில்லை என்பதை அடியேன் தாழ்மையுடன் சுட்டிக்காட்டுகிறேன்' என்று அவர் எழுதிய அன்று, பேருந்தில் முன்பின் தெரியாதவர்கூட எழுந்து இடம் கொடுத்தார்.

இத்தகைய நுட்பம் எப்படி உற்பத்தியானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்ப் படமோ பூப்பந்தோ, எது ஒளிபரப்பானாலும் ஐந்தாறு நண்பர்கள் அவர் வீட்டில் கூடுவார்கள். பெட்டிக்கு முன்னால் நாற்காலிகளில் அமர்ந்து, பெட்டிக்கு முதுகு காட்டி, ஒருவரையொருவர் பார்த்துச் சத்தம் போடுவார்கள். அவர் மனைவி யோகலட்சுமி கோப்பித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருப்பாள். அந்த வீட்டில் தொலைக்காட்சி பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

நண்பர்கள் போனதும் அம்பிகைபாகன் பேனாவைத் திறப்பார்.

"இண்டைக்கு என்ன நடந்தது?"

"எதிலயிருந்து சொல்ல?" கோப்பைகளைக் கழுவியபடியே கேட்பாள்.

"முதலில இருந்து சொல்லும்."

"அந்தப் பொடியன் களைச்சுத் தோக்கேல்லை. சர்வீஸ் போட முதல் ஒவ்வொருதரமும் கோச்சைத் திரும்பிப் பாத்தவன். அவனுக்குப் பயம்."

'தன்னம்பிக்கையின்மையே தோல்விக்கு மூலகாரணம் என்பது அடியேனின் தாழ்மையான கருத்து' என்று எழுதிக்கொள்வார். தாழ்மை முழுக்க அவருடையது. அதில் அவள் ஒருநாளும் பங்கு கேட்டதில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த ஆண்டு மாநிலங்களுக்கிடையேயான பூப்பந்து இறுதியாட்டம் பினாங்கிலேயே நடப்பதாக இருந்தது.

"இஞ்சருங்கோ, ஒருக்கா நேரில போய்ப் பாக்கட்டோ? பக்கத்து வீட்டு ருக்குமணியும் வாறாவாம்."

"நேரில போய் என்ன செய்யப்போறீர்?"

"பாக்கப்போறன்."

"அதுக்குத்தானே டிவி இருக்கு."

"டிவியில கமரா பந்துக்குப் பின்னால ஓடுது. காலைக் காட்டுதில்லை. ஆட்டம் காலிலதான் இருக்கு. நானும் பள்ளிக்கூடத்தில விளையாடினனான், எனக்குத் தெரியும். கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருசமா அந்தக் காலைப் பாக்காமல் இருக்கிறன்."

அம்பிகைபாகன் கண்ணாடியைக் கழற்றினார். நாட்டு நலன் சம்பந்தப்பட்ட விஷயங்களுக்குத்தான் அவர் கண்ணாடியைக் கழற்றுவது.

"அண்டைக்குத்தான் எங்கட நேயர் மன்றம் எனக்குப் பட்டம் தருது. மண்டபத்தில டிவி வச்சு, ஆட்டம் நடக்க நடக்க நான் கருத்துச் சொல்லோணும். நீர் வீட்டில டிவிக்கு முன்னால, போனுக்குப் பக்கத்தில இருக்கோணும். நான் எடுத்துக் கேப்பன்."

"நீங்களும் டிவிக்கு முன்னாலதானே இருக்கப்போறியள்?"

"நான் மேடையில இருப்பன்" என்றார்.

அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அவர் அதைச் சம்மதம் என்று பதிவு செய்துகொண்டார்.

ஞாயிறு பிற்பகல் நான்கு மணி. 'ஜார்ஜ்டவுன் தமிழ்த் தொலைக்காட்சி நேயர் மற்றும் விளையாட்டு இரசிகர் மன்ற'த்தின் முப்பத்தேழு உறுப்பினர்களும் மண்டபத்தில் திரண்டிருந்தார்கள். பத்து நிமிட தூரத்தில் ஆட்டமே நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் அங்கே போக மன்றம் விரும்பவில்லை. ஸ்டேடியத்தில் கருத்துச் சொன்னால் கைதட்டல் விளையாடுகிறவனுக்குப் போய்விடும் என்று செயற்குழு ஆராய்ந்து முடிவு செய்திருந்தது. மேடையில் கலர் டிவி. அதன் பக்கத்தில் அம்பிகைபாகன். ஒரு தட்டில் பொன்னாடையும் 'கருத்துக் கொண்டல்' என்று பொறித்த கேடயமும் காத்திருந்தன.

ஒற்றையர் ஆட்டத்தில் முதல் கேம் பினாங்குக்குப் போயிற்று, இரண்டாவது எதிரணிக்கு. மன்றத் தலைவர் திருநாவுக்கரசு மைக்கை நீட்டினார்.

"அண்ணே, மூணாவது கேம் யாருக்கு? உங்க கருத்து?"

"ஒரு நிமிசம்" என்று அம்பிகைபாகன் எழுந்து அலுவலக அறைக்குப் போனார். வீட்டு எண்ணைச் சுழற்றினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி சுழற்றினார். அந்த வீட்டில் இருமுறை அடிக்கும்வரை போன் காத்திருந்ததே இல்லை. முதலில் கோபம் வந்தது, பிறகு பயம். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பயமல்ல அது. மூன்றாவது கேம் யாருக்கு என்ற பயம்.

திரும்பி வந்து மைக்கைப் பிடித்தார்.

"இரு தரப்புக்கும் வாய்ப்பு உண்டு. இல்லை என்றும் சொல்வதற்கில்லை."

மண்டபம் கைதட்டியது. "என்ன ஆழம்" என்றார் செயலாளர் தங்கராஜு.

அப்போதுதான் திரையில் மலாய் நிருபர் ஒருவர் மைக்கோடு பார்வையாளர் பக்கம் ஏறிப் போனார். மூன்றாவது வரிசையில் இரண்டு பெண்கள் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பக்கத்து வீட்டு ருக்குமணி. அம்பிகைபாகன் தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தொலைக்காட்சியைப் பார்த்தார். யோகலட்சுமி சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சிரிக்கக்கூடியவள் தம் வீட்டில் இருக்கிறாள் என்பது அவருக்குச் செய்தி.

"மக்சிக், யார் ஜெயிப்பாங்க?" என்று நிருபர் அத்தை முறை வைத்து அவளிடம் மலாயில் கேட்டார்.

அவளும் மலாயிலேயே சொன்னாள். "பினாங்குப் பையன் வலது காலை ஊன்றப் பயப்படுகிறான். நெட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக நாலு பந்து போட்டால் போதும். அவன் பத்துப் புள்ளியைத் தாண்டமாட்டான்."

"யார் சொன்னாங்க?"

"நான்தான் சொல்கிறேன். கண்ணால் பார்க்கிறேனே."

மூன்றாவது கேம் தொடங்கியது. நெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பந்து விழுந்தது, இன்னொன்று விழுந்தது. பினாங்குப் பையன் ஒன்பதில் நின்று தோற்றான்.

மண்டபத்தில் தங்கராஜு மெல்ல எழுந்தார்.

"அண்ணே, அது நம்ம அண்ணிதானே?"

அம்பிகைபாகன் மைக்கைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். அவர் தயங்கிய நேரத்தில் திருநாவுக்கரசு மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா? அண்ணன் இங்க அடக்கமா இருந்துட்டாரு. ஆனா வீட்டுல அவர் சொல்லிக்குடுத்தத அண்ணி அப்படியே ஒப்பிச்சுட்டாங்க லா. கண்ணால பாக்குறேன்னு வேற சொல்றாங்க. எப்பேர்ப்பட்ட பயிற்சி!"

முப்பத்தேழு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பொன்னாடை வந்தது. அம்பிகைபாகன் கழுத்தைச் சற்றுச் சாய்த்துக் கொடுத்தார். வாயைத் திறக்கவில்லை. அடக்கம் என்றால் அதுவல்லவா அடக்கம்!

விழா முடிவில் தங்கராஜு கூட்டக் குறிப்பைச் சுடச்சுட எழுதி நீட்டினார். 'ஏழாவது பொருள்: திரு. அம்பிகைபாகன் அவர்களின் கருத்தைத் திருமதி அம்பிகைபாகன் தொலைக்காட்சி வாயிலாக வழிமொழிந்தார். ஏகமனதாக ஏற்கப்பட்டது.'

"அண்ணே, சரியா இருக்கான்னு பாத்து ஒரு கையெழுத்து."

அம்பிகைபாகன் இரண்டு முறை படித்தார். பேனாவைத் திறந்து, தெளிவாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு, யோகலட்சுமியைக் கேட்காமல் அவர் சொந்தமாக எழுதியது அது ஒன்றுதான்.