குப்பிக்குள் போன துக்கம்

குப்பியார் வந்தார், ஊரில் காலிப் பாட்டிலுக்குக் கிராக்கி வந்தது. மருந்து பாட்டில், சென்ட் பாட்டில், பால் பாட்டில் என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அவருடைய மண்டப வாசலில் முண்டியடித்தார்கள்.

பயமோ, பிரமையோ, தூக்கமின்மையோ, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். நோயாளி பாட்டிலுக்குள் ஊத வேண்டும். உடனே குப்பியார் தக்கையை அழுத்தி, மெழுகு ஊற்றி, தன் மோதிரத்தால் முத்திரை குத்துவார். துக்கம் உள்ளே, ஆள் வெளியே! தக்கைக்குத் தனிக் கட்டணம், மெழுகுக்குத் தனிக் கட்டணம். ஊதுவது மட்டும் இலவசம். என்ன தயாள குணம்!

வீட்டாருக்கு ஒரு நிபந்தனை உண்டு. நோயாளியோடு ஒருவரும் பேசக் கூடாது. பழகிய குரல் கேட்டால் துக்கம் பாட்டிலை உடைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுமாம். அவ்வப்போது பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினால், அவர் காதில் வைத்துக் கேட்டு உள்ளே நடப்பதைச் சொல்வார்.

இந்த நிபந்தனையில் அதிகம் தவித்தவள் பார்லர் அக்கா. தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். கத்தரிக்கோல் நின்றாலும் வாய் நிற்காத பெண். அவளுடைய தம்பி பஸ் டிரைவர். 'பிரேக் பிடிக்காது, எல்லாரும் சாகப் போறாங்க' என்று ஒரு குரல் அவன் காதுக்குள் கேட்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் பாலத்தின் நடுவே பஸ்ஸை நிறுத்தி, அத்தனை பேரையும் கெஞ்சி இறக்கிவிட்டு, ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதான். டிப்போவில் லீவு கொடுத்து அனுப்பினார்கள். அம்மா நேரே குப்பியாரிடம் கூட்டிப் போனாள்.

அதன்பிறகு வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒன்று, யார் குரலும் காதில் விழாதபடி பூட்டிய அறைக்குள் தம்பி. இன்னொன்று, அலமாரி மேல் பாட்டில். சளி பிடிக்காமலிருக்க அதற்கு ஒரு துண்டு சுற்றியிருந்தது. கதவிடுக்கு வழியாகத் தம்பிக்குத் தட்டைத் தள்ளிவிட்டு, அம்மா பாட்டிலிடம் வந்து உட்காருவாள்.

"பாட்டில் எப்படி இருக்கு?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"தேவலாம். நேத்து நல்லா தூங்குச்சு."

டிப்போ சிநேகிதர்கள் பார்க்க வந்தார்கள். அம்மா உதட்டில் விரல் வைத்தாள். அவர்களும் பாட்டிலுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்க ஒரு நாதி இல்லை. அம்மா மனசு நோகக் கூடாதென்று அக்காவும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் தட்டு தொடாமல் திரும்பி வந்தது. எடுக்கக் குனிந்த அக்காவுக்குக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"அக்கா, நானும் ஒரு பாட்டிலுக்குள்ள போயிடட்டுமா? அப்பவாவது அம்மா என்கிட்ட பேசுவாங்கல்ல?"

அக்கா தட்டை அங்கேயே போட்டாள். அம்மாவிடம் ஓடிச் சொன்னாள்.

"அது அவன் பேசல. பாட்டிலுக்குள்ள போகாம மிச்சம் மீதி இருக்குமில்ல, அது பேசுது" என்றாள் அம்மா.

அடுத்த முறை அம்மா பாட்டிலோடு மண்டபத்துக்குப் புறப்பட்டபோது அக்காவும் கிளம்பினாள். கடையிலிருந்து ஒரு பை நிறைய ஷாம்பு பாட்டில்களையும் கூடவே எடுத்துக்கொண்டாள். எல்லாம் காலி, அடியில் ஒட்டிய சொட்டு மட்டும் மிச்சம். எல்லாவற்றுக்கும் தம்பியின் பாட்டிலைப் போலவே வாய் தெரியாமல் துண்டு சுற்றியிருந்தாள்.

குப்பியார் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார். "துக்கம் சுவருக்குப் பின்னாடி ஒளிஞ்சாலும் இந்தக் காது கண்டுபிடிச்சிடும்!"

"துண்டுக்குப் பின்னாடி இருந்தா?" என்று எழுந்த அக்கா, அம்மா கையிலிருந்த பாட்டிலையும் பைக்குள் போட்டுக் கலக்கி மேடையில் வைத்தாள். "இதுல ஒண்ணு என் தம்பி பாட்டில். எதுன்னு காட்டுங்க. துண்டை மட்டும் அவுக்கக் கூடாது."

குப்பியார் முகம் சுருங்கியது. "துக்கத்தைச் சோதிக்கக் கூடாது, தாயி."

"நான் உங்க காதைத்தான் சோதிக்கிறேன்."

கூட்டம் ஆவலோடு எக்கிப் பார்த்தது. பெருமையடித்த வாயை இனி மூட முடியாது. குப்பியார் கண்ணை மூடி ஒவ்வொன்றாகக் காதில் வைத்தார். ஒன்றை எடுத்ததும் தேகமே நடுங்கியது.

"இதுதான்! ஐயோ, என்னமா அழுவுது! அக்கா, அக்கான்னு கதறுது!"

அம்மா தேம்பினாள். அக்கா துண்டை உருவினாள். பச்சை நிற ஷாம்பு பாட்டில். பிதுக்கியதும் 'புர்' என்று நுரை வந்து குப்பியாரின் தாடியில் ஒட்டிக்கொண்டது.

"பொடுகுக்கு நல்லதுங்க" என்றாள் அக்கா. "அப்போ இதுக்கு முன்னாடி கேட்டு ஒதுக்கினீங்களே, அதுல?"

"அது வெறும் பாட்டில். ஒண்ணுமே இல்ல" என்று தாடியைத் துடைத்தபடி எரிந்து விழுந்தார்.

அதன் துண்டையும் உருவினாள். அதுதான் தம்பியின் பாட்டில். தக்கையில் மெழுகும், அதன்மேல் அவரே குத்திய மோதிர முத்திரையும் இருந்தன.

"இப்பத்தாங்க உண்மை பேசினீங்க. இதுல ஒண்ணுமே இல்ல!"

தக்கைகள் பறந்தன. ஆளாளுக்குத் தங்கள் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். ஒருவருக்குப் பழைய இருமல் மருந்து வாசனைதான் மிஞ்சியது. அமளி அடங்கிப் பார்த்தபோது மேடையில் குப்பியார் இல்லை. பின்வாசல் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

அம்மா வீட்டுக்குப் போய் அறையைத் திறந்தாள். இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"சாப்பிடுறியாடா?"

"நீயும் கூட உக்காருவியா?" என்றான் அவன்.

உட்கார்ந்தாள். கையில் எடுத்த முதல் கவளத்தை அவனுக்கு ஊட்டினாள்.

மறுநாள் அக்கா அவனை மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். "மாத்திரை நான் தர்றேன். கூடப் பேச மனுஷங்களை நீங்கதான் தரணும்" என்றார் அந்த டாக்டரம்மா. தந்தார்கள். பகலில் தம்பி பார்லரில் உட்கார்ந்து ஊர் வம்பு கேட்டான். டிப்போ சிநேகிதர்கள் முறைபோட்டு வந்து, முதலில் அவனைப் பஸ்ஸில் பயணியாக உட்காரவைத்தார்கள். பிறகு ஷெட்டில் தங்களோடு பிரேக் சோதிக்கும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் குரல் அடியோடு போய்விடவில்லை. கேட்டால் இப்போது பக்கத்திலிருப்பவனிடம் சொல்கிறான். "இரு, சேர்ந்தே பாத்துடலாம்" என்று அவனும் டார்ச்சோடு குனிகிறான்.

ஜனங்கள் திருந்தினார்களா? போன வாரம் அடுத்த தெருவில் ஒரு போர்டு முளைத்தது: 'இங்கு கவலை எடை போட்டுக் குறைக்கப்படும்.' வரிசை பார்லர் வாசல்வரை நீண்டுவிட்டது. அக்கா கத்தரிக்கோலோடு வெளியே வந்தாள்.

"கவலை இருந்தா முன்னாடி நிக்கிறவங்ககிட்ட சொல்லுங்க. அதுக்கும் மேல இருந்தா டாக்டர்கிட்ட வாங்க, நானே கூட வர்றேன். தலைக்கு வெளிய வளர்றதை நான் வெட்டி விட்டுடுவேன். உள்ள இருக்கிறதை நீங்கதான் கொஞ்சம் உபயோகிக்கணும்!"