மாப்பிள்ளை கையில் வாளி

"மாமா, நீங்க ஒட்டின நோட்டீஸைப் பாத்துட்டு இன்னிக்கு மூணு பேர் போன் பண்ணாங்க" என்றார் மாப்பிள்ளை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி.

மாமனார், அதாவது குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் எப்போதுமே நிமிர்ந்துதான் உட்காருவார். இப்போது இன்னும் ஒரு விரற்கடை கூடியது.

"நான்தான் சொன்னேனே! என்ன கேட்டாங்க?"

"ஒருத்தர், மூணு பெட்ரூம் வீடு வாடகைக்குக் கிடைக்குமான்னு கேட்டார்."

"வீடா?"

"'இல்லம் தேடி'ன்னு போட்டிருந்தீங்கல்ல மாமா, வீட்டு புரோக்கர்னு நினைச்சுட்டார்."

"ரெண்டாவது?"

"ஒரு அம்மா. பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணமாம். நுண்பொலிவு பண்ணிக்க எத்தனை நாள் முன்னாடி வரணும்னு கேட்டாங்க."

செயலாளரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மகள் தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

"மூணாவது ஆளாவது காரைப் பத்திப் பேசினாரா?"

"பேசினார் மாமா. நம்ம வேன் அவர் காருக்குக் குறுக்கால நின்னுச்சாம். எடுக்கச் சொன்னார்."

'இல்லம் தேடி வரும் வாகன நுண்பொலிவுப் பணி' என்று எழுதி, குடியிருப்புச் சங்கத்தின் முத்திரையையும் குத்தி, அறிவிப்புப் பலகையில் ஒட்டியவர் செயலாளரேதான். 'வீட்டுக்கே வந்து கார் கழுவித் தரப்படும்' என்று எழுதியிருந்தால் யாருக்கும் விளங்கியிருக்கும். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் ஓர் அலுவலகத்தின் உச்சி நாற்காலியில் அமர்ந்து கையெழுத்துப் போட்ட கைக்குக் 'கழுவ' என்ற சொல் வரவில்லை.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை பார்த்தவர். அந்த நிறுவனம் மூடப்பட்டதும், மூன்று மாதம் பயிற்சி எடுத்து, பழைய வேன் ஒன்றை வாங்கி, அதில் தண்ணீர்த் தொட்டி, தூசி உறிஞ்சும் இயந்திரம், நுரை பீய்ச்சும் துப்பாக்கி, மெருகேற்றும் சக்கரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு தொழிலில் இறங்கிவிட்டார். சீட்டு மடிப்பில் போன மாதம் விழுந்த பிஸ்கட் தூள் வரை, ஏசி காற்று வரும் சந்துகளைச் சிறு தூரிகையால் துடைப்பது வரை, ஒரு காருக்கு நாலு மணி நேரம்.

"கழுவறது வேற, டீடெய்லிங் வேறப்பா" என்று மகள் பலமுறை விளக்கினாள்.

"ரெண்டுக்கும் வாளி உண்டா இல்லையா?"

"உண்டு."

"அவ்வளவுதான்."

மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று குடியிருப்பில் கேட்டவர்களிடம் செயலாளர், "வாகனத் துறையில இருக்கார்" என்று சொல்லி வைத்திருந்தார். அது பொய் இல்லை. அவர் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை. உண்மையைக் கொஞ்சம் கஞ்சி போட்டு விறைப்பாக்கியிருக்கிறார், அவ்வளவே.

அவசரம் வேறு இடத்தில் இருந்தது. ஆறு வருடம் எங்கோ தூரத்து ஊரில் இருந்த மகள், இப்போதுதான் இரண்டு தெரு தள்ளிக் குடிவந்திருந்தாள். தினமும் காலை பதினோரு மணிக்கு வந்து, அப்பாவின் கையிலிருக்கும் செய்தித்தாளில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு எதிரே உட்காருவாள். இந்த மாதக் கடைசிக்குள் மாதாமாதம் வரக்கூடிய பத்துக் காராவது சேரவில்லை என்றால், ஒரு நாள் முழுக்க ரயிலில் போகவேண்டிய ஊரில், மாப்பிள்ளையின் அண்ணன் நடத்தும் கிடங்குக்கு மேற்பார்வை வேலைக்குப் போய்விடுவதென்று முடிவாகியிருந்தது.

"ஏங்க, கீழ தொண்ணூறு கார் நிக்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா பத்து கார் வராதா?" என்றாள் மனைவி.

"என்ன வார்த்தை?"

"'என் மாப்பிள்ளை'ன்னு."

"சொல்லிட்டு? நாளைக்கு அந்த பேங்க்காரர், 'சார், உங்க மாப்பிள்ளையைக் கொஞ்சம் அனுப்புங்க, டயர்ல சேறு'ன்னு என்கிட்டயே வந்து நிப்பார். நான் சங்கத்துக்குச் செயலாளரா, சேத்துக்குச் செயலாளரா?"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வேறொரு யோசனை சொன்னார். "வேற யார்கிட்டயும் கேக்க வேணாம் மாமா. உங்க வண்டியை ஒரு நாள் குடுங்க. கீழ வெச்சுப் பண்றேன். போறவங்க வர்றவங்க பாத்தாலே போதும்."

செயலாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

"என் வண்டியையா? நீங்களா? மாப்பிள்ளை, இது மாப்பிள்ளை வந்தா நாற்காலி போடற குடும்பம். வாளி குடுக்கற குடும்பம் இல்ல. என் உயிர் இருக்கற வரைக்கும் என் வண்டிச் சக்கரத்துல உங்க கை படக்கூடாது."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. மரியாதையாலா வேறெதனாலா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

"இன்னொண்ணு. இங்க வேலை செய்யும்போது என்னை மாமான்னு கூப்பிட வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க. சார்னு சொன்னாப் போதும்."

"சரி மா... சார்."

செயலாளர் தன் வழியில் பாடுபட்டார் என்பதை மறுக்க முடியாது. வாசலில் காவலாளியிடம், "அந்த வேன் வெளியாள் வண்டி. ஆனா தடுக்காதீங்க, உள்ள விடுங்க" என்றார். காவலாளி அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "வெளியாளா சார்?" என்றார். "வெளியாள்தான்" என்றார் செயலாளர், முகம் அசையாமல்.

மறுநாள் காலை நடையில் அதே குடியிருப்பிலிருக்கும் பேங்க்காரரும் பல் டாக்டரும் கூட வந்தார்கள்.

"அந்த வேன்காரர் பிரமாதமா பண்றாராம்" என்று தொடங்கினார் செயலாளர், வானத்தைப் பார்த்தபடி.

"யார் சொன்னா?" என்றார் பல் டாக்டர்.

"பொதுவா... பேச்சு அடிபடுது."

"உங்க வண்டியைக் குடுத்தீங்களா?"

"நானா? எனக்கெதுக்கு?"

"இல்ல, நீங்க குடுத்துப் பாத்துட்டீங்கன்னா நாங்களும் தைரியமா குடுப்போம்."

"முன்பின் தெரியாத ஆள்கிட்ட எப்படிங்க சாவியைக் குடுக்கறது?" என்று வாய் தவறி வந்துவிட்டது. உடனே சமாளித்தார். "அதாவது, நான் குடுக்க மாட்டேன். நீங்க குடுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நடை முடியும் வரை மூட்டு வலியைப் பற்றித்தான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வேனைக் கீழ்த்தளத்தில் நிறுத்தி, கருவிகளைத் துணி விரித்து அடுக்கி வைத்தார். செயலாளர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். பேங்க்காரர் வந்தார். மெருகுச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார், நுரைத் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, நம்ம செயலாளர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

தூணுக்குப் பின்னால் மூச்சு நின்றது.

மாப்பிள்ளை கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "ஒண்ணும் வேணாம் சார். தண்ணி, கரண்டு எல்லாம் நானே கொண்டு வந்திருக்கேன்."

"ஓகோ" என்றார் பேங்க்காரர். துப்பாக்கியை இருந்த இடத்தில் மெதுவாக வைத்துவிட்டு நடந்தார்.

செயலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. எப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை! என்ன சமயோசிதம்! அந்தப் பெருமையில் அவர் திரும்பியபோது, பக்கத்தில் நின்ற தன் காரின் பின்கண்ணாடியில் படிந்திருந்த தூசியில் யாரோ விரலால் எழுதியிருந்ததைப் பார்த்தார்: 'என்னைக் குளிப்பாட்ட ஆளில்லையா?'

இது தாங்கக்கூடியதல்ல. மறுநாளே காரை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர் யாரும் வராத தூரத்துத் தண்ணீர் சர்வீஸ் கடை ஒன்றுக்குப் போனார். அங்கே கார் தலை முதல் கால் வரை நுரையில் நிற்க, அவர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து மேடையில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் பல் டாக்டர்.

"என்ன சார், இவ்வளவு தூரம்?"

"சும்மாதான்... டயருக்குக் காத்துப் பிடிக்க வந்தேன்."

பல் டாக்டர் நுரை மலையைப் பார்த்தார். பொய்ப்பல் கட்டிக்கொண்டு சொந்தப் பல் என்பவர்களை அவர் நிறையப் பார்த்தவர். "பலமான காத்து போல" என்று மட்டும் சொன்னார்.

அந்த மாதம் குடியிருப்பிலிருந்து ஒரே ஒரு கார் வந்தது. மூன்றாவது மாடிக்காரர் தன் பழைய காரை விற்கப் போகிறார், போகிற வண்டிதானே, எது ஆனாலும் பரவாயில்லை என்று கொடுத்தார். மாப்பிள்ளை அதைப் புது மணப்பெண் மாதிரி ஆக்கிவிட்டார். வாங்க வந்தவர் பார்த்த மாத்திரத்தில் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வேலையின் அழகை வேறொருவர் பார்க்க வழியில்லாமல் போயிற்று.

மாதக் கடைசியில் மகள் பதினோரு மணிக்கு வந்தாள். செய்தித்தாளைப் பிடுங்கவில்லை.

"வர்ற புதன்கிழமை கிளம்பறோம்பா."

"இன்னும் ஒரு மாசம் பாக்கலாமேம்மா. நான் வேற நோட்டீஸ் எழுதறேன்."

"வேணாம்பா." அவள் மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நாங்க போறதுல உங்களுக்கும் ஒரு வசதி இருக்கு. அங்க அவர் என்ன பண்றார்னு உங்களை யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பார். கோபத்துக்குப் பதில் சொல்ல அவருக்கு நன்றாகத் தெரியும்.

புதன்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் கட்டிலும் பீரோவும் ஏறியிருக்க, வேன் குடியிருப்பு வாசலில் வந்து நின்றது. மகள் இறங்கி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை வந்து எதிரே நின்றார். சுற்றிலும் காவலாளியைத் தவிர யாரும் இல்லை.

"வர்றேன் சார்" என்றார்.

வேண்டுமென்று சொல்லவில்லை. ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. சொன்ன பிறகு அவருக்கே உறைத்தது. திருத்திக்கொள்ள வாயெடுத்தார். அதற்குள் செயலாளர், "நல்லபடியா போயிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார். வெட்டவெளியில், உரக்க, எல்லா மாடிக்கும் கேட்கும்படி. ஒரு மாதத்துக்கு முன்னால் அதே இடத்தில் அதே குரலில் சொல்லியிருக்க வேண்டிய சொல்.

வேன் திருப்பத்தில் மறைந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். செயலாளர் மட்டும் நின்றார். முதல் தடவையாக அவர் முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது.

"அந்த வேன்காரர் வெளியாள் இல்ல" என்றார் காவலாளியிடம். "என் மாப்பிள்ளை. தங்கமான வேலைக்காரர். நான்தான் கௌரவம் பாத்துட்டு வெளிய சொல்லல. தெரிஞ்சிருந்தா நாலு பேர் வண்டி குடுத்திருப்பாங்க."

"தெரியுமே சார். உங்க வீட்டம்மா முதல் நாளே எல்லா வீட்டுலயும் சொல்லிட்டாங்க. நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் யாரும் உங்ககிட்டக் காட்டிக்கல."

"எல்லா வீட்டுலயுமா?" செயலாளர் ஓரடி முன்னால் வந்தார். "தெரிஞ்சுமா ஒருத்தர்கூட வண்டியைக் குடுக்கல?"

காவலாளி கேட்டை இழுத்துச் சாத்தினார்.

"தெரிஞ்சதாலதான் சார் குடுக்கல. பொண்ணையே நம்பிக் குடுத்த மாமனாரு, கார் சாவியை மட்டும் குடுக்க மாட்டேங்கறாரேன்னு எல்லாரும் பயந்துட்டாங்க."